வினையைக் கேட்டால் வேற்றுமை தெரியும்

இந்தமுறை கேள்வி–பதில் பகுதி முழுவதும் ஒரே பொருளைப் பற்றியது. தைவானிலிருந்து நியூசிலாந்து வரை, மடகாஸ்கரிலிருந்து ஈஸ்டர் தீவு வரை பரவிக்கிடக்கும் ஆஸ்திரோனேசியக் குடும்பத்தில் 1,200க்கும் மேற்பட்ட மொழிகள் உள்ளன. அவற்றில் வேற்றுமையும் வினைப்பாங்கும் எப்படிக் கைகோத்து நடக்கின்றன என்று வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். செய்வினை, செயப்பாட்டுவினை என்று நாம் பிரிக்கும் கூறுக்குத்தான் வினைப்பாங்கு என்று பெயர். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பிலிப்பைன்ஸின் தகாலோக் மொழியிலிருந்து வருகின்றன. அவற்றில் 'பிலி', 'புமிலி' போன்ற சொற்களின் முதல் எழுத்தை 'பஸ்' என்பதன் முதல் எழுத்தைப் போல ஒலிக்க வேண்டும்.

கேள்வி: தகாலோக்கில் பெயருக்கு முன்னால் வரும் அங், நங், ஸா என்னும் மூன்று குறிகள்தான் வேற்றுமைக்கு உள்ளன என்று படித்தேன். தமிழில் எட்டு வேற்றுமைகள் செய்யும் வேலையை மூன்று குறிகள் எப்படிச் செய்யும்?

பதில்: அவை தனியாகச் செய்வதில்லை. பாதி வேலை வினைச்சொல்லிடம் இருக்கிறது. 'பிலி' என்பது வாங்குதலைக் குறிக்கும் வேர். லலாகி என்றால் ஆண், இஸ்தா என்றால் மீன், திந்தாஹான் என்றால் கடை, பாத்தா என்றால் குழந்தை, பேரா என்றால் பணம். இனி இந்த வாக்கியங்களைப் பாருங்கள்.

புமிலி அங் லலாகி நங் இஸ்தா ஸா திந்தாஹான். (அந்த ஆள் கடையில் மீன் வாங்கினான்.)

பினிலி நங் லலாகி அங் இஸ்தா ஸா திந்தாஹான். (அந்த மீனை அந்த ஆள் கடையில் வாங்கினான்.)

பினில்ஹான் நங் லலாகி நங் இஸ்தா அங் திந்தாஹான். (அந்தக் கடையில்தான் ஆள் மீன் வாங்கினான்.)

இபினிலி நங் லலாகி நங் இஸ்தா அங் பாத்தா. (அந்தக் குழந்தைக்காக ஆள் மீன் வாங்கினான்.)

இபினம்பிலி நங் லலாகி நங் இஸ்தா அங் பேரா. (அந்தப் பணத்தைக் கொண்டு ஆள் மீன் வாங்கினான்.)

'அங்' என்பது எழுவாய் உருபும் அன்று, செயப்படுபொருள் உருபும் அன்று. 'இந்த வாக்கியத்தின் முதன்மைப்பெயர் நான்' என்பதை மட்டுமே அது சொல்கிறது. அந்த முதன்மைப்பெயர் செய்தவனா, செய்பொருளா, இடமா, பயன்பெறுபவரா, கருவியா என்பதை வினையில் உள்ள ஒட்டு சொல்கிறது. 'உம்' செய்தவனைக் காட்டுகிறது. 'இன்' செய்பொருளைக் காட்டுகிறது. 'அன்' இடத்தையும், 'இ' பயன்பெறுபவரையும், 'இபன்' கருவியையும் காட்டுகின்றன. தமிழில் வேற்றுமை உருபு பெயரின் வாலில் ஒட்டும். இங்கே ஒரு பெயரின் வேற்றுமை மட்டும் அந்தப் பெயரை விட்டுக் கிளம்பி வினையில் போய் உட்கார்ந்திருக்கிறது.

முதன்மைப்பெயர் அல்லாதவை மற்ற இரு குறிகளைப் பகிர்ந்துகொள்கின்றன. செய்தவனும் செய்பொருளும் நங் பெறும். இடம், திசை, பெறுபவர் போன்றவை ஸா பெறும். மேலே மூன்றாம் வாக்கியம் தொடங்கி இரண்டு நங் அடுத்தடுத்து வருவதைக் கவனியுங்கள். அத்தகைய இடங்களில் முதலில் வருவதைச் செய்தவனாகக் கொள்வது வழக்கம்.

ஆட்பெயர்களுக்குக் குறிகள் வேறு. அங் வரும் இடத்தில் ஸி, நங் வரும் இடத்தில் நி, ஸா வரும் இடத்தில் காய். பன்மையில் அவை ஸினா, நினா, கினா ஆகும். பதிலிப்பெயர்களும் இதே மூன்று வரிசைதான்: தன்மை ஒருமைக்கு அகோ, கோ, அகின். 'நாம்', 'நாங்கள்' வேறுபாடு அங்கேயும் உண்டு. நாம் என்பது தாயோ, நாங்கள் என்பது கமி. இந்த ஓர் இடத்தில் தமிழர்களுக்குப் படிக்கச் சிரமமே இருக்காது.

கேள்வி: 'பினிலி' என்பது 'வாங்கப்பட்டது' என்னும் செயப்பாட்டுவினைதானே? பழைய இலக்கண நூல்களில் அப்படித்தான் இருக்கிறது.

பதில்: இருக்கிறது. 1917இல் தகாலோக்கை விவரித்த மொழியியலாளர் லியோனார்ட் புளூம்ஃபீல்ட் ஒரு செய்வினையும் மூன்று செயப்பாட்டுவினைகளும் உண்டு என்று வகுத்தார். ஆனால் அந்தப் பெயர் பொருந்தாததற்கு வலுவான காரணங்கள் உள்ளன.

முதல் சான்று ஏவல். 'மீனை வாங்கு' என்று தகாலோக்கில் சொல்ல 'பில்ஹின் மோ அங் இஸ்தா' என்பார்கள். இது செய்பொருளை முதன்மையாக்கும் வடிவம். 'மோ' என்பது நங் வரிசையைச் சேர்ந்த 'நீ'. 'உன்னால் மீன் வாங்கப்படு' என்று தமிழில் யாருக்கும் கட்டளையிட முடியாது. உண்மையான செயப்பாட்டுவினையாக இருந்தால் செய்பவர் பின்னுக்குத் தள்ளப்பட்டிருப்பார், ஏவல் அவரைத் தேடி வராது.

இரண்டாவது சான்று 'தன்னை' என்னும் சொல். 'ஸினக்தான் நங் லலாகி அங் ஸரிலி நியா' என்றால் 'அந்த ஆள் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டான்'. இங்கே முதன்மைப்பெயர் 'தன்னை' என்பதே. அது சுட்டும் ஆள் நங் பெற்று நிற்கிறார். அவர் விட்டாலும் குறையாத கூடுதல் பெயராகத் தேய்ந்திருந்தால் 'தன்னை' அவரைச் சுட்டியிருக்காது. 1976இல் பால் ஷாக்டர் இதையொட்டி ஒரு முக்கியமான கருத்தை முன்வைத்தார். பிற மொழிகளில் எழுவாய் ஒன்றிடமே இருக்கும் பண்புகள் தகாலோக்கில் முதன்மைப்பெயருக்கும் செய்தவனுக்கும் பிரிந்து கிடக்கின்றன என்பதே அது.

மூன்றாவது சான்று புழக்கம். தமிழில் 'படு' வரும் வாக்கியங்கள் அரிது, அவற்றில் 'ஆல்' ஏற்ற பெயர் அதைவிட அரிது. தகாலோக் கதைகளிலும் பேச்சிலும் செய்பொருள் வடிவம் மிக இயல்பானது, செய்தவரும் கூடவே வருவார். வடிவத்தைப் பார்த்தாலும் புமிலி, பினிலி இரண்டிலும் ஒவ்வோர் ஒட்டு இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று சொல்ல வழியில்லை.

இதனால்தான் பலர் இதைச் சமச்சீர் வினைப்பாங்கு என்கிறார்கள். செய்பொருள் வடிவமே அடிப்படை, ஆகவே இவை எர்கேட்டிவ் மொழிகள் (செயப்படுபொருள் குன்றா வினையின் செய்பவருக்கு மட்டும் தனிக் குறி தந்து, செய்பொருளையும் குன்றிய வினையின் எழுவாயையும் ஒன்றாக நடத்துபவை) என்று வாதிடுவோரும் உண்டு. ஒரு மொழியை முதன்முதலாக விவரிப்பவர் சமச்சீர் என்ற நிலையிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது எம் கருத்து. தரவு கிடைக்கும் முன்பே எந்த வடிவம் அடிப்படை என்று முடிவு கட்ட வேண்டியிருக்காது.

கேள்வி: ஒரே நிகழ்ச்சிக்கு ஐந்து வாக்கியங்கள் இருந்தால், பேசுபவர் எதை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்?

பதில்: முதல் விதி நமக்குப் பழக்கமானதுதான். 'மீன் வாங்கினான்' என்பதற்கும் 'மீனை வாங்கினான்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். ஐ வந்தால் குறிப்பிட்ட மீன். தகாலோக்கிலும் அங் பெற்ற பெயர் கேட்பவருக்குத் தெரிந்த, குறிப்பிட்ட ஒன்றாக இருக்கும். ஆகவே குறிப்பிட்ட மீனைப் பற்றிப் பேசினால் பினிலி, ஏதோ ஒரு மீன் என்றால் புமிலி. தமிழர்கள் செய்யும் பொதுவான பிழை எல்லாவற்றையும் புமிலி வடிவத்திலேயே சொல்வது. 'அவன் செய்தான்' என்ற அமைப்பு நம் மனத்தில் முன்னிற்பதால் வரும் பிழை இது. தமிழ் வாக்கியத்தில் ஐ இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாலே பெரும்பகுதி சரியாகிவிடும்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. தமிழில் உயர்திணைச் செயப்படுபொருள் ஐ இல்லாமல் வராது. தகாலோக்கிலும் செய்தவனை முதன்மையாக்கும் வினையோடு ஆட்பெயர் செய்பொருளாக வந்தால் அதற்கு 'நி' போட முடியாது, 'காய்' போட வேண்டும். 'பெத்ரோவைப் பார்த்தது யார்?' என்பதற்கு 'ஸினோ அங் நகாகிதா காய் பெத்ரோ?' என்பார்கள்.

இந்த விதி குடும்பம் முழுவதற்கும் பொதுவானது அன்று. அண்டை மொழியான செபுவானோவில் குறிப்பில்லாத செய்பொருளுக்கு 'உக்' என்றே தனிக் குறி இருக்கிறது.

கேள்வி: 'அந்த ஆள் வாங்கிய மீன்' என்பதற்கு 'இஸ்தாங் புமிலி அங் லலாகி' என்று எழுதினேன். திருத்தியவர் முழுவதையும் அடித்துவிட்டார். ஏன்?

பதில்: அவர் அடித்தது சரி. அங்கே இருக்க வேண்டியது 'இஸ்தாங் பினிலி நங் லலாகி'. ஒரு பெயரைப் பெயரெச்சம் போன்ற தொடரால் தழுவ வேண்டுமானால், அந்தத் தொடருக்குள் அந்தப் பெயரே முதன்மைப்பெயராக இருக்க வேண்டும். தகாலோக் இலக்கணத்தின் முதுகெலும்பு இந்த விதிதான். (இஸ்தா என்பதன் பின்னால் வரும் 'ங்' தழுவும் சொல்லையும் தழுவப்படும் சொல்லையும் இணைக்கும் இடைச்சொல்.)

இதை விளங்கிக்கொள்ள நன்னூல் கைகொடுக்கிறது. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் ஆகிய ஆறும் பெயரெச்சம் கொண்டு முடியும் பெயர்கள் என்கிறது அந்நூல். வாங்கிய ஆள், வாங்கிய மீன், வாங்கிய கடை, வாங்கிய பணம் எல்லாவற்றிலும் 'வாங்கிய' மாறவே இல்லை. என்ன உறவு என்பதைப் பொருளை வைத்து நாமே ஊகிக்கிறோம். 'அடித்த பையன்' என்றால் அடித்தவனா, அடிபட்டவனா என்று குழம்ப இடமுண்டு. தகாலோக் அந்த ஊகத்துக்கு இடம் வைப்பதில்லை. ஆளுக்குப் புமிலி, மீனுக்குப் பினிலி, கடைக்குப் பினில்ஹான், பணத்துக்கு இபினம்பிலி என்று உறவுக்கு ஒரு வடிவம் வைத்திருக்கிறது. நன்னூலார் ஓர் எச்சத்துக்குள் கண்ட உறவுகளில் நான்கைத் தகாலோக் வினையொட்டுகளாகவே எழுதிக் காட்டுகிறது என்பது வியக்கத்தக்க பொருத்தம்.

வினாவுக்கும் இதே விதிதான். 'மீன் வாங்கியது யார்?' என்பது 'ஸினோ அங் புமிலி நங் இஸ்தா?' 'அந்த ஆள் வாங்கியது என்ன?' என்பது 'அனோ அங் பினிலி நங் லலாகி?' இங்கே 'அனோ அங் புமிலி அங் லலாகி' என்றால் பிழை. ஆனால் இடம் கேட்கும் 'ஸாஆன்' இந்தக் கட்டுப்பாட்டில் வராது. 'ஸாஆன் புமிலி நங் இஸ்தா அங் லலாகி?' என்று புமிலியை வைத்தே 'எங்கே வாங்கினான்' என்று கேட்கலாம். ஸா வகைப் பெயர்கள் வினாவில் முன்னே நகர, வினை மாற வேண்டியதில்லை.

1976இல் எட்வர்ட் கீனன் மடகாஸ்கரின் மலகாசி மொழியிலும் இதே கட்டுப்பாட்டை விரிவாக எடுத்துக்காட்டினார். அங்கே முதன்மைப்பெயர் வாக்கிய இறுதியில் நிற்கும். 'மனாசா லம்பா ரசுவா' என்றால் ரசுவா துணி துவைக்கிறாள். 'சசன்-ட்ரசுவா நி லம்பா' என்றால் அந்தத் துணியை ரசுவா துவைக்கிறாள். 'அனசன்-ட்ரசுவா லம்பா நி சவுனி' என்றால் அந்தச் சோப்பைக் கொண்டு ரசுவா துணி துவைக்கிறாள். பின்னிரண்டிலும் செய்தவரின் பெயர் வினையோடு ஒட்டியே வருகிறது. இடையில் எந்தச் சொல்லையும் நுழைக்க முடியாது.

கேள்வி: 'இன்' என்னும் ஒட்டு சில இடங்களில் சொல்லின் நடுவில் வருகிறது, சில இடங்களில் இறுதியில் வருகிறது. பினில்ஹானில் 'அன்' கூடவே வருகிறது. எப்படிப் பிரித்தறிவது?

பதில்: உருவம் ஒன்றானாலும் அவை இரண்டு வேறு ஒட்டுகள். இறுதியில் வரும் 'இன்' வினைப்பாங்கைக் காட்டுகிறது, அதாவது செய்பொருளே முதன்மை என்கிறது. நடுவில் வரும் 'இன்' செயல் தொடங்கிவிட்டது என்பதைக் காட்டுகிறது, அதற்கும் வினைப்பாங்குக்கும் தொடர்பில்லை. எனவேதான் அது பினில்ஹானிலும் இபினிலியிலும் வருகிறது. குழப்பத்துக்குக் காரணம் ஒரு விதிவிலக்கு: நடு இன் வந்தால் இறுதி இன் மறைந்துவிடும்.

வரிசையாக அமைத்துப் பாருங்கள். ஏவலுக்கும் எச்சத்துக்கும் உரிய வடிவம் பில்ஹின் (பிலியோடு ஹகரம் தோன்றி, நடு இகரம் கெட்டு, இன் சேர்ந்தது). செய்து முடித்ததற்குப் பினிலி, இறுதி இன் போய்விட்டது. செய்துகொண்டிருப்பதற்குப் பினிபிலி, முதலசை இரட்டித்திருக்கிறது. செய்யப்போவதற்குப் பிபில்ஹின், செயல் தொடங்காததால் நடு இன் இல்லை, அதனால் இறுதி இன் திரும்பி வந்துவிட்டது. புமிலியின் வரிசை புமிலி, புமிபிலி, பிபிலி. செய்யப்போகும் வடிவத்தில் 'உம்' இல்லாததைக் கவனியுங்கள்.

நடு ஒட்டு எப்போதும் முதல் மெய்க்குப் பின்னால் நுழையும். சொல் உயிரில் தொடங்கினால் முன்னாலேயே வரும். குடித்தலைக் குறிக்கும் 'இனோம்' இப்படித்தான் 'உமினோம்' ஆகிறது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒட்டுக்கும் உறவுக்கும் நாம் மேலே சொன்ன பொருத்தம் எல்லா வேர்களுக்கும் அப்படியே செல்லாது. 'ஹுகாஸான்' (கழுவு) என்பதில் அன் வந்தாலும் முதன்மை கழுவப்படும் பொருளே. 'இதாப்போன்' (தூக்கி எறி) என்பதில் இ வந்தாலும் முதன்மை எறியப்படும் பொருள். 'பினில்ஹான்' என்பதன் முதன்மைப்பெயர் ஆளாக இருந்தால் 'அவருக்கு வாங்கிக் கொடுத்தேன்' என்ற பொருளே இன்றைய பேச்சில் முந்தி நிற்கும். செய்தவனைக் காட்ட 'உம்' போலவே 'மக்' என்றோர் ஒட்டும் உண்டு. புமிலி என்றால் வாங்கு, மக்பிலி என்றால் விற்பது! எனவே வேரைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொரு வேரையும் அது ஏற்கும் ஒட்டுகளோடும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு வாக்கியத்தோடும் எழுதிவைத்துப் படியுங்கள்.

கேள்வி: நங் என்பதை எழுத்தில் இரண்டு விதமாகப் பார்க்கிறேன். எது சரி?

பதில்: இரண்டும் சரி. வேற்றுமைக் குறியை ரோமன் எழுத்தில் ng என்று இரண்டே எழுத்தில் எழுதுவார்கள். வினையடை முன்னும், 'செய்தபோது' என்ற பொருளிலும் வரும் இணைப்புச் சொல்லை nang என்று நான்கு எழுத்தில் முழுதாக எழுதுவார்கள். ஒலி ஒன்றே என்பதால் அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இதில் அடிக்கடி தவறுகிறார்கள்.

கேள்வி: இந்தோனேசிய மொழியில் வேற்றுமைக் குறிகளே இல்லை. அங்கே இந்த அமைப்பு அழிந்துவிட்டதா?

பதில்: குறிகள் போய்விட்டன, அமைப்பு சுருங்கி வாழ்கிறது. 'சாயா மெம்பாச்சா புக்கு இத்து' என்றால் நான் அந்தப் புத்தகத்தைப் படிக்கிறேன். புத்தகம் முதன்மையானால் 'புக்கு இத்து சாயா பாச்சா'. வினையின் முன்னொட்டு விழுந்துவிட்டது, செய்பவர் வினையை ஒட்டி நிற்கிறார். படர்க்கையானால் 'டி' என்னும் முன்னொட்டு வரும்: 'புக்கு இத்து டிபாச்சா அலி'. இடத்துக்கும் பயன்பெறுபவருக்கும் தனி வினைப்பாங்கு இல்லை. அந்த வேலையை 'இ', 'கான்' என்னும் பின்னொட்டுகள் ஓரளவு ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

பிழை நேரும் இடம் ஒன்று உண்டு. 'படித்துவிட்டேன்' என்று சொல்ல 'புக்கு இத்து சுடாஹ் சாயா பாச்சா' என்பதே எழுத்து வழக்கில் ஏற்கப்படும் வரிசை. 'சாயா சுடாஹ் பாச்சா' என்று எழுதினால் செய்பவருக்கும் வினைக்கும் நடுவில் ஒரு சொல் புகுந்துவிடுகிறது. மறுக்கும் 'திடாக்' என்பதும் அப்படியே 'சாயா'வுக்கு முன்னால்தான் வர வேண்டும். 'நான் படித்த புத்தகம்' என்பது 'புக்கு யாங் சாயா பாச்சா'. அங்கே 'மெம்பாச்சா' வைத்தால் தகாலோக்கில் கண்ட அதே பிழை.

கேள்வி: பதிவுசெய்யப்படாத ஓர் ஆஸ்திரோனேசிய மொழியில் களப்பணி செய்யப்போகிறேன். வினைப்பாங்கைச் சேகரிக்க எங்கே தொடங்குவது?

பதில்: ஆங்கில வாக்கியங்களை வரிசையாகச் சொல்லி மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். சொல்பவர் ஆங்கில எழுவாயைப் பிடித்துக்கொண்டு செய்தவனை முதன்மையாக்கும் வடிவத்தையே தந்துகொண்டிருப்பார். உங்கள் குறிப்பேட்டில் அந்த வடிவமே அடிப்படை என்பது போலத் தோன்றிவிடும். முதலில் கதைகளையும் செய்முறை விளக்கங்களையும் பதிவுசெய்யுங்கள். எந்த வடிவம் எத்தனை முறை வருகிறது என்பதை அவற்றிலிருந்து எண்ணுங்கள்.

பிறகு வெட்டுதல், வாங்குதல், கொடுத்தல் போன்று பல பங்கேற்பாளர் உள்ள வினைகளை எடுங்கள். ஒவ்வொரு பங்கேற்பாளருக்கும் ஒரு சூழலை உண்டாக்குங்கள். எடுத்துக்காட்டாக, ஒரு கத்தியை முன்னால் வைத்து, 'இந்தக் கத்திக்கு என்ன ஆயிற்று?' என்று அவர்கள் மொழியிலேயே கேட்டு விடை பெறுங்கள். கிடைத்த ஒவ்வொரு வடிவத்தையும் 'வெட்டிய கத்தி', 'வெட்டிய மரம்' போன்ற தழுவுத்தொடர்களில் வைத்து எது செல்லும், எது செல்லாது என்று பாருங்கள். முதன்மைப்பெயர் எது என்பதை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். குறிகளை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். முடிந்த செயல், நடக்கும் செயல், நடக்கப்போகும் செயல் மூன்றுக்கும் தனித்தனியாகச் சேகரிக்காவிட்டால் காலம் காட்டும் ஒட்டையும் வினைப்பாங்கு ஒட்டையும் ஒன்றாகக் கட்டிவிடுவீர்கள். மேலே 'இன்' பற்றிச் சொன்ன சிக்கல் அதுவே.

கேள்வி: இத்தகைய அமைப்பு எப்படித் தோன்றியிருக்கும்? பசிபிக் தீவுகளில் ஏன் இல்லை?

பதில்: தைவானின் பழங்குடி மொழிகள், பிலிப்பைன்ஸ் மொழிகள், மலகாசி ஆகியவற்றை ஒப்பிட்டு, மூலமொழியிலேயே 'உம்', 'என்', 'அன்', 'சி' என்னும் நான்கு ஒட்டுகள் இருந்தன என்று மீட்டுருவாக்குகிறார்கள். தகாலோக்கின் இன், இ என்பவை அந்த என், சி ஆகியவற்றின் வழிவந்தவை. 1980களின் தொடக்கத்தில் ஸ்டாரோஸ்டா, பாலி, ரீட் மூவரும் இந்த ஒட்டுகள் முதலில் வினையாலணையும் பெயர்களை ஆக்கியவை என்றனர். தமிழர்களுக்கு இது எளிதில் பிடிபடும். 'மீன், அவன் வாங்கியது' என்று நாம் சொல்கிறோம் அல்லவா? 'பினிலி நங் லலாகி அங் இஸ்தா' என்பதன் பழைய அமைப்பு 'அந்த மீன் அந்த ஆளுடைய வாங்கியது' என்பது போன்றது. செய்தவனைக் காட்டும் நங் உடைமையையும் காட்டுவது இதற்கு நல்ல சான்று. 'கோ' என்பது 'என்னால்' ஆகவும் 'என்னுடைய' ஆகவும் வருகிறது.

ஆனால் தைவானிலேயே ருக்காய் மொழியில் இந்த அமைப்பு இல்லை, செய்வினையும் செயப்பாட்டுவினையும் மட்டுமே உள்ளன. ருக்காய் இதை இழந்ததா, அல்லது அது பிரிந்த பிறகு மற்ற மொழிகள் இதை உருவாக்கிக்கொண்டனவா என்பது இன்னும் தீராத வழக்கு.

பசிபிக்கில் அமைப்பு கலைந்து வேறு வடிவங்கள் எடுத்தது. டோங்காவின் மொழியில் செயப்படுபொருள் குன்றா வினையின் செய்பவருக்கு 'எ', செய்பொருளுக்கும் குன்றிய வினையின் எழுவாய்க்கும் 'அ' என்று எர்கேட்டிவ் வேற்றுமை வந்துவிட்டது. மாவோரியில் உண்மையான செயப்பாட்டுவினை இருக்கிறது, ஆனால் அதன் பின்னொட்டு வினைக்கு வினை மாறும். 'அவி' (தழுவு) என்பது அவிதியா, 'ஹோபு' (பிடி) என்பது ஹோபுகியா, 'இனு' (குடி) என்பது இனுமியா. கடைசிச் சொல்லின் மகரம் எங்கிருந்து வந்தது? மூலமொழியில் அந்த வேர் 'இனும்'. தகாலோக்கின் இனோம், மலாயின் மினும் இரண்டிலும் அந்த மகரம் இன்னும் இருக்கிறது. மாவோரியில் சொல்லிறுதி மெய்கள் எல்லாம் உதிர்ந்தன. பின்னால் ஓர் ஒட்டு நின்ற இடத்தில் மட்டும் மகரம் பிழைத்துக்கொண்டது. பேசுவோருக்கோ அது இப்போது வேரின் பகுதி அன்று, ஒட்டின் பகுதி. புதிதாக வரும் கடன்சொற்களுக்கு 'தியா'வையே ஒட்டுகிறார்கள் என்பதைக் கொண்டு கென்னத் ஹேல் 1960களில் இதை நிறுவினார்.